பாரமகால் ஆவணம் எட்டுகிறது, நேற்றைய நூல் எட்டவில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலவரி வரலாற்றை ஆராய விரும்பும் முதுகலை மாணவர் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தம் கைப்பேசியில் வாசிக்கத் தொடங்கலாம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி கும்பெனியின் கைக்கு வந்த பிறகு, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் எழுதிய கடிதங்களும் கணக்குகளும், இப்பகுதியின் அன்றைய பெயரால், பாரமகால் ஆவணங்கள் என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசால் அச்சிடப்பட்டன. அவை இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. லெ ஃபானு 1883இல் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் அவ்வாறே கிடைக்கின்றன. ஆனால் அதே மாணவர் 1950 முதல் 1990 வரை இம்மண்ணைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தேடத் தொடங்கினால் கை வெறுமையாகவே திரும்புகிறது. உள்ளூர் ஆசிரியர்கள் எழுதிய ஊர் வரலாறுகள், பள்ளிகளின் ஆண்டு மலர்கள், சிறு பதிப்பகங்கள் ஒரே ஒருமுறை அச்சிட்டு நிறுத்திய ஆய்வு நூல்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை கடையிலும் இல்லை, இணையத்திலும் இல்லை. இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேய அதிகாரியின் குறிப்பு எளிதில் எட்டுகிறது. நம் தாத்தா காலத்துத் தமிழாசிரியரின் நூல் எட்டவில்லை.

தருமபுரியில் பொருளியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த இடைவெளி என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. தமிழர்கள் ஆவணங்களைப் பேணத் தெரியாதவர்கள் என்று சொல்லி இதைக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்கவில்லை. இந்த இடைவெளியின் பெரும்பகுதி பதிப்புரிமைச் சட்டத்தின் காலக்கணக்கால் உண்டாவது. அதை ஊகமாகச் சொல்ல வேண்டிய தேவையில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் மின்னாக்கத்தின் (டிஜிட்டல்மயமாதலின்) பொருளியலை ஆராய்ந்தவர்கள் அதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் பால் ஹீல்ட் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதில் முதன்மையானது. அமேசானில் புதிய பிரதிகளாக விற்கப்படும் நூல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்தப் பத்தாண்டில் வெளிவந்தது என்று அவர் வகைப்படுத்தினார். நூல் பழையதாக ஆக ஆக விற்பனையில் இருப்பது படிப்படியாகக் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். கிடைத்ததோ வேறு. அண்மைய நூல்கள் நிறைய இருந்தன. சில ஆண்டுகள் பின்னே சென்றதும் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. அமெரிக்கச் சட்டப்படி அப்போது பதிப்புரிமை முடிந்திருந்த, 1923க்கு முந்தைய நூல்களை எட்டியதும் மீண்டும் ஏறியது. 1980களில் எழுதப்பட்ட நூல்களைவிட 1880களில் எழுதப்பட்ட நூல்களே அமேசானில் மிகுதியாக விற்பனைக்கு இருந்தன. உரிமை இருந்தால்தான் பதிப்பாளர் நூலைப் பேணி மறுபதிப்புச் செய்வார் என்ற பழைய வாதத்துக்கு இது நேர் எதிரான சான்று. உரிமையாளருக்கு அந்நூலை மீண்டும் அச்சிடுவதில் இலாபம் இல்லை, பிறர் அச்சிட அனுமதியும் இல்லை என்ற நிலையில், நூல் இரண்டுக்கும் இடையே காணாமற்போகிறது.

இதைப் புரிந்துகொள்ள அவி கோல்ட்ஃபார்பும் கேத்தரின் டக்கரும் 2019இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை உதவுகிறது. மின்னாக்கம் என்பதைச் செலவுகளின் வீழ்ச்சியாகவே காண வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தேடும் செலவு, படியெடுக்கும் செலவு, கொண்டுசேர்க்கும் செலவு, பயன்படுத்துவோரின் தடத்தைத் தொடரும் செலவு, சரிபார்க்கும் செலவு ஆகிய ஐந்தும் குறைகின்றன. இவற்றுள் படியெடுக்கும் செலவுதான் அறிவுசார் சொத்துரிமையோடு நேரடியாக மோதுகிறது. ஒரு நூலின் கோப்பைப் பத்தாயிரமாவது வாசகருக்குக் கொடுப்பதால் முதல் வாசகருக்கு எந்தக் குறையும் வருவதில்லை; ஆகவே கூடுதல் பிரதியின் நியாயமான விலை சுழியம் என்று பாடநூல் சொல்லும். ஆனால் முதல் பிரதியை எழுதியவருக்கு உழைப்பும் செலவும் இருந்தன. அதை ஈடுசெய்யாவிட்டால் அடுத்த நூலை அவர் எழுதமாட்டார் என்பதும் அதே பாடநூலில் உண்டு. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையே சட்டம் எங்கே கோடு போட வேண்டும் என்பதே கேள்வி.

எழுதுபவருக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை என்பதை இங்கேயே அழுத்தமாகக் குறிப்பிட வேண்டும். மிஷேலா ஜியோர்செல்லியும் பெட்ரா மோசரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு மிக அழகானது. நெப்போலியனின் படையெடுப்பின் விளைவாக, 1801இல் இத்தாலியின் லொம்பார்டியும் வெனிசியாவும் மட்டும் பதிப்புரிமைச் சட்டத்தைப் பெற்றன. மொழியாலும் இசைமரபாலும் ஒத்திருந்த ஏனைய இத்தாலிய அரசுகள் பெறவில்லை. உரிமை கிடைத்த பகுதிகளில் புதிய இசைநாடகங்கள் எண்ணிக்கையில் பெருகின. நெடுங்காலம் நிலைத்து நின்ற படைப்புகளும் அங்கே மிகுந்தன. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தியையும் விட்டுவிடக் கூடாது: ஏற்கெனவே இருந்த உரிமைக் காலத்தைப் பின்னர் மேலும் நீட்டியபோது அத்தகைய பயன் விளையவில்லை.

இந்தியாவைப் பற்றியே ஒரு சான்று உண்டு. ராகுல் தெலாங்கும் ஜோயல் வால்ட்ஃபோகலும் இந்தித் திரைத்துறையை ஆராய்ந்தார்கள். 1985க்குப் பிறகு வீடியோ கேசட்டும் கேபிள் தொலைக்காட்சியும் பரவி, உரிமம் இல்லாமல் படங்கள் வீடு வீடாகக் காட்டப்பட்ட காலத்தில், படங்களின் வருவாய் குறைந்தது. எடுக்கப்பட்ட படங்களின் எண்ணிக்கையும் தரமும்கூடக் குறைந்தன என்று அவர்கள் கண்டார்கள். அதே வால்ட்ஃபோகல், இசைக்கோப்புகளை விலையின்றிப் பகிர உதவிய நாப்ஸ்டர் 1999இல் வந்தபின் மேலைநாட்டு இசையை ஆராய்ந்தபோது, இசைத்தட்டு விற்பனை வீழ்ந்தும் புதிய இசையின் தரம் குறையவில்லை என்று முடிவுசெய்தார். இசையைப் பதிவுசெய்து வெளியிடும் செலவே மின்னாக்கத்தால் மிகவும் குறைந்துவிட்டது என்பது அவர் தரும் விளக்கம். திருட்டுப் பிரதி எல்லாத் துறையிலும் ஒரே அளவில் கேடு செய்வதில்லை. வருவாய் குறையும் வேகத்தையும் ஆக்கச் செலவு குறையும் வேகத்தையும் ஒப்பிட்டே அதைத் தீர்மானிக்க வேண்டும். எழுத்துக்கு ஆக்கச் செலவு என்பது பெரும்பாலும் எழுத்தாளரின் காலம். அது மின்னாக்கத்தால் குறைவதில்லை. எனவே, சென்ற மாதம் வெளிவந்த நாவலைக் கைப்பேசியில் வருடி வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதை நான் தவறென்றே கருதுகிறேன். என் வகுப்பு மாணவர்களிடமும் அவ்வாறே சொல்கிறேன். சில நூறு பிரதிகள் விற்றாலே மகிழும் நிலையில் இருக்கும் தமிழ் எழுத்தாளருக்கு அது நேரடியான இழப்பு.

என் வாதம் அந்த நாவலைப் பற்றியது அன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்து, விற்றுத் தீர்ந்து, எழுதியவரும் மறைந்து, உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் கிடக்கும் நூலைப் பற்றியது.

நம் 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை தந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு 1991 இறுதியில் காலம் முடியவிருந்த வேளையில் அவசரச் சட்டமும், 1992இல் திருத்தச் சட்டமும் வந்து, அது 60 ஆண்டுகளாக நீண்டது. ஒருவரை முன்னிட்டு வந்த நீட்டிப்பு, எல்லா மொழி எழுத்தாளர்களையும் பற்றிக்கொண்டது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகள் பழைய கணக்கில் 1998 இறுதியிலேயே பொதுவுரிமைக்கு, அதாவது எவரும் அச்சிடக்கூடிய நிலைக்கு, வந்திருக்கும். புதிய கணக்கில் அது 2008க்குத் தள்ளிப்போனது. கிருஷ்ணகிரி மாவட்டம் தொரப்பள்ளியில் பிறந்து 1972இல் மறைந்த ராஜாஜிக்கு இந்த அறுபதாண்டுக் கணக்கு 2032 இறுதியில் முடிகிறது. அரசு வெளியீடுகளுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். தொல்லியல் துறை 1975இல் வெளியிட்ட தருமபுரி கல்வெட்டுகள் என்ற தொகுதிக்கு இதன்படி 2035 இறுதி வரை உரிமை நீடிக்கும். ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டவெளியில் எல்லோரும் காண நாட்டப்பட்ட நடுகற்களின் வாசகங்களை, மக்கள் வரிப்பணத்தில் படித்தெடுத்து அச்சிட்ட நூலுக்கும் அறுபதாண்டு உரிமை எதற்கு என்ற கேள்விக்குப் பொருளியலில் எனக்கு எந்த விடையும் கிடைக்கவில்லை.

மரணத்துக்குப் பிந்தைய அறுபது ஆண்டுகள் எழுத்தாளரை எழுதத் தூண்டுமா என்பதை வகுப்பில் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டுவேன். ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், 60 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ ஒரு ரூபாய். அமெரிக்கா 1998இல் உரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியபோது, 17 பொருளியலாளர்கள் 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் இதே கணக்கை முன்வைத்தார்கள். அரோ, கோஸ், ஃப்ரீட்மன், புக்கானன், அக்கர்லாஃப் என்று நோபல் பரிசு பெற்ற ஐவர் அவர்களுள் இருந்தார்கள். வேறு எந்தக் கொள்கையிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். நீட்டிப்பால் புதிய நூலுக்குக் கூடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவான மதிப்பே என்பது அவர்கள் வாதம். 2003இல் நீதிமன்றம் நீட்டிப்பு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பொருளியல் வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதற்கும் 160 ஆண்டுகளுக்கு முன், 1841இல், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற இதே கால அளவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவர முயன்றபோது அதை எதிர்த்துப் பேசியவர் மெக்காலே. இந்தியக் கல்வியில் அவர் செய்தவற்றை நான் ஏற்பவன் அல்லன். இந்த உரையில் மட்டும் அவர் பக்கம் நிற்பேன். பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்கு ஊக்கத்தொகை தருவதற்காக வாசகர்மீது போடப்படும் வரி என்றார் அவர். வரி அவசியமானதுதான், ஆனால் ஊக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது என்பதே அவர் வாதம். அவர்கள் நாட்டில் அன்று தோற்ற கால அளவு இன்று நம் சட்டத்தில் இருக்கிறது.

வரியின் சுமை யார்மீது விழுகிறது என்பதற்கு, பார்பரா பியாசியும் பெட்ரா மோசரும் செய்த ஆய்வு எனக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் உரிமை வைத்திருந்த அறிவியல் நூல்களை அமெரிக்கப் பதிப்பாளர்கள் மறுபதிப்புச் செய்ய அந்நாட்டு அரசு உரிமம் வழங்கியது. நூல்களின் விலை இறங்கியது. விலை 10 சதவீதம் குறைந்ததற்கு, அந்நூல்களை மேற்கோள் காட்டிய புதிய ஆய்வுகள் ஏறத்தாழ 40 சதவீதம் கூடின. பயனடைந்தவர்கள் யார் என்று பார்த்தால், வசதி குறைந்த நிறுவனங்களில் இருந்த அறிவியலாளர்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் முன்னரே விலை கொடுத்து வாங்கியிருந்தன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நடந்தே போகக்கூடிய மாணவருக்கும், அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பேருந்தில் ஒரு பகல் பயணம் செய்து அங்கே போக வேண்டிய மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அதுவே. அந்த நூலகம் 1994 முதல் செய்துவரும் பணிக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் உரிமைக் காலம் முடியாத நூலை அது மின்னாக்கம் செய்து வைத்திருந்தாலும், எல்லோரும் வாசிக்கும்படி இணையத்தில் திறந்துவிடச் சட்டம் இடம் தருவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள பொதுநூலகம் பாதுகாப்புக்காக மின்பிரதி எடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, அவ்வளவுதான்.

உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்களுக்கு அதே சட்டத்தின் 31அ பிரிவு ஒரு வழி சொல்கிறது. விண்ணப்பிப்பவர் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, அதன்பின் உரிய அமைப்பிடம் உரிமம் கேட்க வேண்டும். பாலக்கோட்டில் ஒருமுறை அச்சாகிய அறுபது பக்க நூலுக்காக யார் அந்தச் செலவைச் செய்வார்?

நூலை இணையத்தில் திறந்துவிட்டால் அச்சுப் பிரதியை எவரும் வாங்கமாட்டார்கள் என்று பதிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் சான்று வேறாக இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தின் பழைய நூல்களைக் கூகுள் நிறுவனம் படிப்படியாக மின்னாக்கம் செய்ததை வைத்து, அபிஷேக் நாகராஜும் இம்கே ரைமர்ஸும் செய்த ஆய்வில், மின்னாக்கம் ஆன நூல்களை நூலகத்தில் இரவல் பெறுவது குறைந்தது. அச்சுப் பிரதியின் விற்பனை கூடியது. குறிப்பாக, அதிகம் அறியப்படாத நூல்களுக்கே அந்த ஏற்றம். இப்படியொரு நூல் இருக்கிறது என்பதே முன்பு எவருக்கும் தெரியாமல் இருந்தது. தேடும் செலவு குறைந்ததும் வாங்குபவர் தோன்றினார்.

நாகராஜ் தனித்துச் செய்த இன்னொரு ஆய்வு, அமெரிக்கப் பேஸ்பால் இதழ் ஒன்றின் பழைய தொகுப்பு முழுவதையும் கூகுள் இணையத்தில் இட்டதைப் பற்றியது. எல்லா இதழ்களையும் எவரும் வாசிக்கலாம். ஆனால் 1964க்கு முந்தைய இதழ்கள் பொதுவுரிமையில் இருந்தன, பிந்தையவை பதிப்புரிமையில் இருந்தன. விக்கிப்பீடியாவில் பழைய ஆட்டக்காரர்களின் பக்கங்கள் படங்களால் செழித்தன. பிந்தைய ஆட்டக்காரர்களின் பக்கங்கள் அவ்வளவாக வளரவில்லை, அவற்றை வாசிப்போரும் குறைந்தனர். செய்தியைத் தம் சொல்லில் திருப்பி எழுதிவிடலாம். படத்துக்கு அந்த வழி இல்லை. நம் மாவட்டத்து நடுகற்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் இதை நன்கு உணர்வார்கள். கல்லை நேரில் போய்ப் படமெடுக்கலாம். சாலைப் பணியிலும் வீட்டுமனைப் பிரிவிலும் அகற்றப்பட்டுவிட்ட கல்லுக்கு, பழைய நூலில் உள்ள படமே எஞ்சிய ஒரே சான்று.

படியெடுக்கப்படாதது அழியும் என்பதைத் தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட இந்தத் தருமபுரி மண் பழங்காலத்திலேயே அறிந்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் வீழ்ச்சியைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்து எழுதிவைத்த பாடல்களே எஞ்சின. அவற்றை எடுத்தாள அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. பொருளியலாளர்கள் அதைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையைப் பெற்றதில் தொடங்கி, எழுத்தாளரின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் இங்கே நிலைத்துவிட்டது. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று நூற்றுக்கு மேற்பட்டோரின் எழுத்துகள் இவ்வாறு பொதுவாயின. தமிழ் நூல்களை இணையத்தில் விலையின்றித் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றுக்கு இது பெரும் வாய்ப்பாக அமைந்தது. மெக்காலே சொன்ன வரியை வாசகரிடமிருந்து நீக்கி, அரசு தன் கருவூலத்திலிருந்து ஒரே தவணையில் கட்டிவிடுவதாகவே இதை நான் பார்க்கிறேன். குறையும் உண்டு. உரிமை நீங்கியதும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், பிழை மலிந்த பதிப்புகளும் சொல்லாமலே சுருக்கிய பதிப்புகளும் பெருகின. கல்கியின் நாவலைக் குறைந்த விலையில் வாங்கும் வாசகருக்கு எது மூலத்துக்கு நேர்மையான பதிப்பு என்று தெரிவதில்லை. அந்தச் சரிபார்ப்புச் செலவை இன்று ஒவ்வொரு வாசகரும் தனித்தனியே சுமக்கிறார். மேலும், புகழ்பெற்றவர்களே பெரும்பாலும் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். அவர்களின் நூல்கள் எப்படியும் அச்சில் இருந்திருக்கும். ஹார்வர்டு ஆய்வு சொல்வதைப்போல, பயன் மிகுதியாக விளையக்கூடியது அறியப்படாதவர்களிடத்தில்தான்.

வாழும் எழுத்தாளர்கள் தாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளே செல்லும். 1994 திருத்தம் 1995இல் நடைமுறைக்கு வந்த பிறகு செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் நூல் வெளியிட்ட பலர், தம் நூலின் உரிமை தம்மிடமே திரும்பிவிட்டதை அறியாமல் இருக்கிறார்கள். விரும்பினால் அவர்கள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் அதை வெளியிடலாம்.

நாட்டுடைமையாக்கத்தின் பயனை அளக்கும் ஆய்வை இங்கிருந்தே தொடங்கலாம் என்று என் மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். அரசு யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது தற்செயலானது அன்று என்பதால், நாட்டுடமையானவரையும் ஆகாதவரையும் அப்படியே ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். ஒரே எழுத்தாளரின் நூல்கள் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் எத்தனை பதிப்பாளர்களால், என்ன விலையில் வந்தன என்று பார்க்கலாம். ஏறத்தாழ ஒரே காலத்தில் மறைந்த இருவரில் ஒருவர் மட்டும் நாட்டுடமையான இணைகளைத் தேடலாம். பக்கத்துக்கு எத்தனை காசு என்ற விலையே அடிப்படைத் தரவு. அதற்கு வேண்டியவை 1980, 1990களின் பதிப்பக விலைப்பட்டியல்கள். மாவட்ட மைய நூலகத்தின் நூல் சேர்க்கைப் பதிவேடுகளில் ஒரு பகுதி கிடைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளில் அக்காலத்தில் புத்தகக் கடையோ வாசகர் வட்டமோ நடத்தியவர்கள் வீட்டில் அத்தகைய பட்டியல்கள் இருந்தால், பழைய தாளுக்குப் போடுவதற்கு முன் எங்களுக்குக் காட்டுங்கள். நாங்கள் வந்து படமெடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம்.